தலைத்தேன்

பச்சையம்மா வீட்டு அடுப்பை அவளுடைய நாத்தனார்கூட ஒழுங்காக எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு அதை லட்சக்கணக்கான பேர் பார்த்தாகிவிட்டது. சென்னையில் பார்த்தார்கள், சிங்கப்பூரில் பார்த்தார்கள், திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் குந்திக்கொண்டு பார்த்தார்கள். பார்த்தவன் சும்மா போனானா? ஆளுக்கு ஒரு வார்த்தை காறித் துப்பிவிட்டுத்தான் போனான்.

நடந்தது இதுதான். வைகாசி மாதம். மலையில் வைகாசி மழைக்கு நேரம் காலமெல்லாம் கிடையாது. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று ஊற்றும். புதூர்நாட்டிலிருந்து புங்கமேட்டுக்கு ஏறுகிற மண்பாதையில் பைக்கை உருட்டிக்கொண்டு இரண்டு பேர் தொப்பலாக நனைந்து பச்சையம்மா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருவன் சரவணகுமார், கணியம்பாடிப் பக்கத்து ஆள், யூடியூபில் சேனல் வைத்திருப்பவன். இன்னொருவன் அவனுக்குக் கேமரா பிடிப்பவன்.

"யக்கா, மழ வுடற வரைக்கும் இப்டி ஓரமா நின்னுக்கறோம்" என்றான் சரவணகுமார்.

"ஓரமா இன்னாத்துக்கு நிக்கறீங்க? உள்ள வாங்கப்பா. தலைய தொடைங்க மொதல்ல, சளி புடிச்சிக்கப் போவுது" என்று பச்சையம்மா தன் புருஷன் துண்டை எடுத்துக் கொடுத்தாள். சுடச்சுட சாமைக்கஞ்சி கொடுத்தாள். பலாப்பழம் அறுத்து வைத்தாள். அடுப்பில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் சுவேதா திருப்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படிக்கிறாள். அவளுக்குக் கொடுத்தனுப்பத் தினைமாவு உருண்டை பிடிக்க வேண்டும்.

"இன்னாக்கா காய்ச்சறீங்க?"

"வெல்லப்பாகுப்பா. எம் பொண்ணுக்கு."

கேமராக்காரன் பாகைப் படம் பிடித்தான். மூலையில் வரிசையாக இருந்த தேன் பாட்டிலையும் பிடித்தான். ஒரு பாட்டிலில் தேன் அடியில் உறைந்து சீனி மாதிரி கிடந்தது. அதைப் பச்சையம்மாவே எடுத்துக் காட்டி, "இது போன வருசத்துது, ஒறைஞ்சிகீது, வெயில்ல வெச்சா எளகிடும். வேணாம்னா புதுசு எட்துக்குங்க" என்றாள்.

அவள் அப்படித்தான். பாதையோரம் தேன் விற்கிறவள் எவளாவது இது பழசு என்று தானே வாய்விட்டுச் சொல்வாளா? இவள் சொல்லுவாள். தேனடைத் துணுக்கு மிதந்தால் அதையும் சொல்லுவாள். வாங்க வந்தவன் யோசித்துக்கொண்டு போய்விடுவான். "உனுக்கு ஒரு பொய்யி சொல்ல வர்தா பாரு, நீயெல்லாம் யாவாரம் பண்ணி..." என்று அவள் புருஷன் வீரன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் அதில் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு.

பத்து நாள் கழித்து சுவேதா ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்தாள். ஜீப்பை விட்டு இறங்கும்போதே முகம் செத்திருந்தது.

"யம்மா, யாருமா வூட்டுக்குள்ள வந்தது? யார உள்ள வுட்ட நீ?"

"ஏன்டி, இன்னா ஆச்சு?"

போனை நீட்டினாள். 'மலைத்தேன் மோசடி! கையும் களவுமாகப் பிடித்தோம்' என்று பெரிய எழுத்து. பின்னால் பயமுறுத்துகிற இசை. பச்சையம்மா பாகைக் கிளறுகிறாள். உடனே அவள் கை தேன் பாட்டிலைத் தூக்குகிறது. உடனே அடியில் உறைந்த சீனி. 'எம் பொண்ணுக்கு' என்ற வார்த்தையை வெட்டி எடுத்துவிட்டான் படுபாவி. கடைசியில் அவனே வந்து, மஞ்சள் மூடி போட்ட, கரடிப் படம் ஒட்டிய பாட்டில் ஒன்றைக் காட்டி, சுத்தமான தேன் வேண்டுமென்றால் இதை வாங்குங்கள் என்று முடித்திருந்தான். அவன் கழுத்தில் வீரனுடைய துண்டு அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

பச்சையம்மா அதை இரண்டு முறை பார்த்தாள். "கஞ்சி குட்ச்சானே அத்த காட்டலியே" என்றாள்.

வீரன் எழுந்து போய்க் கொடியேணியை எடுத்து முடிச்சு முடிச்சாகச் சோதித்துக்கொண்டிருந்தான். வெட்டுப்பாறையில் தொங்கித் தேன் எடுக்கிறவன் அவன். மேலே கயிறு பிடிப்பது பச்சையம்மாவின் தம்பி பாலமுருகன். அக்காள் தாலியைக் கையில் பிடித்திருக்கிறோம் என்ற பயம் இருக்க வேண்டும் என்றுதான் மச்சானைப் பிடிக்க வைப்பது. கீழே பச்சைத்தழைப் புகை, மேலே ஈ, நடுவில் காற்றில் ஆடுகிற ஆள். அதைப் போய் வெல்லப்பாகு என்று சொன்னால் வயிறு எரியுமா எரியாதா?

சுவேதாவுக்கு எரிந்தது. எரிந்த சூட்டில் அவள் ஒரு காரியம் செய்துவிட்டாள். வீடியோவுக்குக் கீழே தன் பெயரிலேயே திட்டித் தீர்த்துவிட்டு, 'உன் வண்டி இன்னொரு தபா எங்க மலை ஏறட்டும், எறங்காது' என்று எழுதிவிட்டாள்.

திருப்பத்தூரில் வக்கீல் அன்பரசியிடம் தாயும் மகளும் போய் நின்றபோது அந்த அம்மாள் முதலில் அதைத்தான் படித்தாள். இலவச சட்ட உதவிக்கு வருகிறவர்களைப் பார்க்கும் வக்கீல். நல்ல மனுஷி, ஆனால் வாய் கறார்.

"ஏம்மா சுவேதா, படிச்ச பொண்ணுதானே நீ? தப்பு பண்ணவன் அவன். இப்ப மிரட்டுனது நீன்னு ஆயிடுச்சு பார்."

"கோவத்துல எழுதிட்டேன் மேடம்."

"கோவம் வந்தா மாட்டுச்சாணிய செவுத்துல அடி. போன்ல அடிக்காத. சரி, வீடியோவோட லிங்க்கு, தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டு, எல்லாம் எடுத்து வெச்சியா?"

"இல்ல மேடம். யூடியூப் கம்பெனிக்கு ரிப்போர்ட் மட்டும் அட்ச்சேன். அவங்க விதிக்கு எதிரா ஒண்ணும் இல்லன்னு பதில் வந்துச்சு."

"வராம என்ன பண்ணும்? உங்கம்மா அடுப்புல கொதிச்சது பாகா தேனான்னு அந்த மிஷினுக்குத் தெரியுமா?" அன்பரசி பச்சையம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, கேளுங்க. இது அவதூறு. வீட்டுக்குள்ள வந்து, கேக்காம எடுத்து, வெட்டி ஒட்டிப் போட்டிருக்கான். ஸ்டேஷன்ல புகார் குடுப்போம், ரசீது வாங்குவோம். அவனுக்கு நான் நோட்டீஸ் அனுப்புறேன். அந்தக் கம்பெனியில குறை கேக்கறதுக்குன்னு ஒரு அதிகாரி இருப்பார், அவருக்கும் எழுதுவோம். ஆனா ஒண்ணு. அவன் பயந்துபோய் சமாதானம் பேச வருவான். வந்தான்னா, மொதல்ல வீடியோவ எறக்கட்டும். தப்பா போட்டேன்னு அவன் சேனல்லயே அவன் வாயாலேயே சொல்லட்டும். அதுக்கப்புறம்தான் மத்த பேச்சு. அதுக்கு முன்ன எதுலயும் கையெழுத்து போடாதீங்க."

"சரிங்கம்மா."

"தலைய ஆட்டாதீங்க. போட மாட்டீங்கதானே?"

"மாட்டம்மா" என்றாள் பச்சையம்மா. சொன்னபோது அது நிஜமாகத்தான் இருந்தது.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். நோட்டீஸும் போனது. அன்பரசி சொன்னது போலவே அவனும் வந்தான். ஆனால் வக்கீலிடம் வரவில்லை, பச்சையம்மா வீட்டுக்கும் வரவில்லை. பெரிய கில்லாடி. நேராக ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வீட்டு வாசலில், சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். மலையில் எப்படி நின்றால் காரியம் ஆகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கோபால்சாமி பச்சையம்மாவுக்குத் தாய்மாமன் முறை. சாயந்திரம் அவரே வீடு தேடி வந்தார்.

"பச்ச, பையன் காலுல வுழாத கொறையா கெஞ்சறான். சின்ன வயசு. ஊர்ல வெச்சி முட்ச்சிடலாமா?"

"வக்கீலம்மா வேணாம்னு சொல்லிகீதே மாமா. மொதல்ல வீடியோவ எறக்கட்டும்."

"எறக்கறன்றான். அப்பால, இன்னொண்ணு கீது. உம் பொண்ணு எழுதனத அவன் படம் புட்ச்சி வெச்சிகினுகீறான். கேசுன்னு போனா அவனும் திருப்பிப் போடுவானாம். கொல மிரட்டல்னு. அவ படிக்கற பொண்ணு. நாளைக்கு ஒரு கவுர்மெண்டு வேலைக்குன்னு போனா, போலீசு வூட்டாண்ட விசாரிக்க வருவான் இல்ல?"

பச்சையம்மா முந்தானையைப் பிசைந்தாள். பெற்றவளுக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

"நீ இன்னாய்யா சொல்ற?" என்று புருஷனைக் கேட்டாள்.

"ஊரு சொல்றப்ப நாம இன்னா சொல்றது" என்றான் வீரன். "அம்மன் முன்னால வந்து நிக்கறன்றான். அத்த வுட பெரிய கோர்ட்டு எது?"

சுவேதா மட்டும் கத்தினாள். "நைனா, அவன் அம்மனுக்கு பயப்படற ஆளா? வாணாம் நைனா. மேடம் அவ்ளோ சொல்லி அனுப்புனாங்க."

"நீ எழுதி வெச்சதாலதான்டி இவ்ளோ பேஜாரு!" என்று வீரன் எரிந்து விழுந்தான். அந்த ஒரு சொல் அவளை நன்றாகவே அடித்துவிட்டது.

புங்கமேட்டில் சண்டையை முடிக்கிற முறை ஒன்று இருக்கிறது. நோவுபட்ட வீட்டுக்காரி புதுப்பானையில் சாமைக்கூழ் காய்ச்சி அம்மன் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். பானையைக் கீழே வைத்துக் குனிந்து கும்பிட்டு, இரண்டு கையாலும் தூக்கித் தப்பு செய்தவனிடம் கொடுக்க வேண்டும். அவன் குடிப்பான். மிச்சத்தை அவள் குடிப்பாள். கும்பிடு அவனுக்கு இல்லை. பானைக்குள் அம்மன் இறங்கியிருப்பதால் பானைக்கு. கூழ் குடித்தபின் அந்தப் பேச்சு செத்தது. திரும்ப எடுக்கிறவர் யாரோ அவர்தான் குற்றவாளி. சொந்த அண்ணன் தம்பி வெட்டுக்குத்தெல்லாம் அந்தப் பானையில் முடிந்திருக்கிறது. ஆனால் கேமராவோடு வந்த ஒருவனுக்கு அந்தப் பானையை ஊர் நீட்டியது அதுதான் முதல் தடவை. அதை யாரும் யோசிக்கவில்லை.

சரவணகுமார் வந்தான். தப்புக்கட்டு என்கிற அபராதமாகச் சேவல் கொண்டுவந்தான். அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றான். தழுதழுத்த குரலில்தான் சொன்னான், நன்றாகவே சொன்னான். ஆனித் தூறலில் புங்கமரம் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சையம்மா பானையை வைத்தாள், கும்பிட்டாள், தூக்கிக் கொடுத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவன் குடித்தான். அவள் குடித்தாள்.

கேமராக்காரன் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கவுண்டரிடம் கேட்டானாம். எட்துக்கோப்பா என்றாராம்.

மறுநாள் சுவேதாவே அம்மாவோடு கீழே ஸ்டேஷனுக்குப் போய், எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டோம், மேல்நடவடிக்கை வேண்டாம் என்று எழுதினாள். பச்சையம்மா கையெழுத்துப் போட்டாள்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய வீடியோவை இறக்கினான். ஒரு வாரத்தில் புதியதை ஏற்றினான். 'தப்பை ஒத்துக்கொண்ட தேன் அம்மா! ஊரே கூடி மன்னிப்புக் கேட்ட நெகிழ்ச்சி'. பச்சையம்மா குனிகிறாள். கும்பிடுகிறாள். அழுகிறாள். பானையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டுகிறாள். அவன் பெரிய மனசோடு வாங்கிக் குடிக்கிறான். அவன் விழுந்தது எங்கே? அவன் கேட்ட மன்னிப்பு எங்கே? அதெல்லாம் கேமராக்காரனுக்கு எடுக்க மறந்துபோயிருக்கும்!

முதல் வீடியோவைவிட இதற்குக் கூட்டம் அதிகம். 'பாவம், ஏழைங்க, விட்டுடுங்க' என்று இரக்கப்பட்டவர்கள் வேறு. திட்டினவனைக்கூடப் பச்சையம்மா பொறுத்துக்கொண்டாள். இந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. "தப்பு பண்ணவன கூட இப்டி பேச மாட்டாங்களே" என்று சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள்.

சுவேதா அன்பரசிக்குப் போன் போட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்றாள் அன்பரசி.

"ஆமா மேடம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சரி, விடு. பழசு முடிஞ்சு போச்சு. ஆனா இது புது வீடியோ, புதுத் தப்பு. புதுசா புகார் குடுக்கலாம். கஷ்டம்தான், நீங்களே சமாதானம் பண்ணிக்கிட்டீங்களேன்னு கேப்பாங்க. கேக்கட்டும், நான் நிக்கறேன். அங்க இருந்தவங்க நாலு பேர் வந்து, விழுந்தது அவன்தான்னு சொல்லட்டும். சொல்லுவாங்களா?"

பச்சையம்மா அன்றைக்கே கோபால்சாமி வீட்டுக்கு நடந்தாள். அவர் பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீ பார்த்தத வந்து சொன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"இன்னா பச்ச, தெரிஞ்சி பேசறியா தெரியாம பேசறியா? கூழு குட்ச்சாச்சி. பேச்சு முடிஞ்சிடுச்சி. இப்ப நீ கெளப்புனா ஊரு ஒம்மேல குந்தும், ஒதுக்கி வெச்சிடும். நானே அத்த மீற முடியுமா?"

"அவன் மீறிட்டானே மாமா."

"அவன் ஊரான். நீ நம்மூரு."

பச்சையம்மா திரும்பி வந்தாள். வரும் வழியிலேயே அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. யோசனை என்ன, பிடிகயிறு.

"ஆடி வர்து" என்றாள் வீட்டில். "தலத்தேனு நம்ம வூட்டுதுதானே? சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்து நிக்கும். அம்மன் தலையில நம்ம தேனு எறங்கட்டும். அத்த பார்த்தப்பறம் எவன் இன்னா சொல்லுவான்? அதுக்கப்பறம் புகாரு குடுக்கலாமா வேணாமான்னு பார்த்துக்கலாம்."

ஆடித் திருவிழாவில் அம்மன் தலையில் முதலில் ஊற்றுகிற தேனுக்குத் தலைத்தேன் என்று பெயர். அது வீரன் வீட்டுத் தேன். அவன் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். வாய்க்குப் போகிற தேனில் கலப்படம் செய்கிறவன்கூடச் சாமி தலைக்குப் போகிற தேனில் செய்வானா? பச்சையம்மாவின் கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மிச்ச ஆனி முழுக்க சாமைக்கொல்லையில் தலை நிமிர்ந்து வேலை செய்தாள். டூரிஸ்ட்டு எவனாவது காரை நிறுத்தி, "நீங்கதானே அந்தத் தேன் அம்மா? ஒரு செல்ஃபி" என்று கேட்டபோதும் களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வீரன் இந்த முறை யாரும் போகாத மேல்முனைப் பாறையில் இறங்கினான். அங்கே ஒரு பழைய அடை இருந்தது. காற்று பிய்த்துக்கொண்டு போனது. "மாமா, போதும், ஏறி வந்துடு" என்று பாலமுருகன் மேலேயிருந்து அழாத குறையாகக் கத்தினான். கைகால் வீங்கி, முகம் உப்பி, வீரன் அந்தத் தேனைக் கொண்டுவந்தான். பச்சையம்மா வெள்ளைத்துணியில் வடிகட்டினாள். ஒரு துணுக்கு இல்லை, ஒரு தூசி இல்லை. பித்தளைச் செம்பில் ஊற்றி மஞ்சள் துணியால் வாயைக் கட்டினாள்.

தேன் எடுத்தவன் கோயிலுக்கு வரக்கூடாது. அம்மன் தலையில் தேன் இறங்கியதென்று பெண்டாட்டி வந்து சொல்லும்வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் வீட்டில் காத்திருக்க வேண்டும். "சீக்கிரம் வந்துடுடி, பசி தாங்காது" என்று சிரித்தான் வீரன். அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கோயிலில் ஜனம் நெரிந்தது. பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. பச்சையம்மா செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு, சுவேதா பின்னால் வர, நடுவில் வழிவிட்ட கூட்டத்தைத் தாண்டிப் போனாள். அம்மன் கல்லுக்குப் பக்கத்தில் போனபோது கோபால்சாமி குறுக்கே வந்தார்.

"பச்ச, செம்ப இப்டி அந்தாண்ட வெச்சிடும்மா."

"எந்தாண்ட? பூசாரி கைலதானே குடுக்கணும்?"

"இல்ல... இந்த வருசம் மட்டும். அப்பால பார்த்துக்கலாம்."

அவள் எட்டிப் பார்த்தாள். பூசாரி காலடியில், பூக்கூடைக்கும் கற்பூரத்தட்டுக்கும் நடுவே ஒரு பாட்டில் நின்றது. மஞ்சள் மூடி. கரடிப் படம். மூடியின் மேல் ஒட்டிய தாள்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னா மாமா இது?"

"கத்தாத. வெளியூரு ஜனம் வந்துகீது. ஆளாளுக்கு போன தூக்கிகினு நிக்கறானுங்க பாரு. வெல்லப்பாக சாமி தலையில ஊத்தறானுங்கன்னு எவனாவது போட்டான்னா ஊரு பேரே நாறிடும். ஊருக்கோசரம்தான்."

"நீயும் நம்பிட்டியா?"

"நா நம்புவனா? உன்ன எனக்கு தெரியாதா?"

"கூழு குட்ச்சா பேச்சு முடிஞ்சிடும்னு சொன்னியே மாமா."

"முடிஞ்சிடுச்சேம்மா. யாராவது பேசறாங்களா பாரு."

பச்சையம்மா சுற்றிப் பார்த்தாள். நிஜம்தான். ஒருத்தரும் பேசவில்லை. அவளோடு களை எடுத்தவர்கள், அவள் வீட்டில் புளி தட்டியவர்கள், எல்லோரும் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி மூடியைத் திருகினார். தேன் இறங்கியது. ஜனம் குலவையிட்டது. சுற்றி நின்ற போன்களெல்லாம் உயர்ந்தன.

சுவேதா பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். பச்சையம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே வந்தாள். செம்பு மறுகையில் இருந்தது.

ஓடையாண்டை வந்ததும் நின்றாள். துணியை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கவிழ்த்தாள். தேன் மெதுவாகத்தான் இறங்கும், அதற்கு அவசரம் தெரியாது. பாறையில் வழிந்து ஓரத்து மண்ணில் தேங்கியது. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, அதற்குள் எறும்பு வந்துவிட்டது.

"யம்மா, நைனா உயிர வுட்டு எட்துகினு வந்தாரும்மா!" சுவேதா தேம்பினாள்.

"தெரியும்டி. அதுக்கோசரம்தான்." செம்பை ஓடையில் முக்கிக் கழுவினாள்.

"வக்கீலம்மாவுக்கு போன் போடட்டா? ஊரு ஒதுக்குனா ஒதுக்கட்டும்மா."

"போடு. காலையில போவலாம். இப்ப வூட்டுக்கு வா, அந்த ஆளு பசியோட குந்திகினு கீறாரு. நீ வாயத் தொறக்காத."

வீரன் வாசலிலேயே நின்றிருந்தான். வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு முதலில் செம்பைத்தான் பார்த்தான். அது காலியாக இருந்தது.

"ஊத்துனாங்களா?"

"ஊத்துனாங்க."

"தலையிலயா?"

"தலையிலதான்."

"நம்ம தேனுதானே மொதல்ல?"

பச்சையம்மா புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள். "நம்ம தேனுதான்" என்றாள். "எல்லாரும் பார்த்தாங்க. குலவ போட்டாங்க."

"நா சொன்னேன் இல்ல? அம்மன வுட பெரிய கோர்ட்டு எது?" என்று அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

சுவேதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பச்சையம்மா களியைக் கிளறி எடுத்து வட்டிலில் வைத்தாள், பலாக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள். அவன் ஆசையாகச் சாப்பிட்டான். குழம்பு நல்லாகீது, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றான். ஊற்றினாள்.